ஃபிராஞ்சிபேன்: பாதாம் பூரணத்தின் பதமும் பெயரும்

ஒப்பிட்டுக்கு, அதாவது போளிக்கு, பூரணம் எப்படியோ, டார்ட்டுக்கும் (தட்டில் சுடும், மேல்மூடி இல்லாத மாவுப் பண்டம்) பப்ஸ் மாவுக்கும் ஃபிராஞ்சிபேன் அப்படி. வெண்ணெய், சர்க்கரை, பாதாம் பொடி, முட்டை நான்கையும் ஒரே எடையில் எடுத்து அடித்துச் சேர்க்கிற பிரெஞ்சுப் பூரணம் இது. அடுப்பில் வைத்துக் கிளறிச் சுருட்ட வேண்டியதில்லை. பச்சையாகவே மாவுக்குள் வைத்து, மாவோடு சேர்த்து ஓவனில் வேகவிட வேண்டும். வெந்ததும் மேல்பக்கம் பொன்னிறமாக முறுகும், உள்ளே மெத்தென்று ஈரமாக இருக்கும்.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் செய்ய ஒரு வசதி உண்டு. வெண்ணெய்க்கு ஊத்துக்குளி, முட்டைக்கு நாமக்கல், இரண்டும் பக்கத்திலேயே. பாதாம் மட்டும்தான் தூரத்திலிருந்து வருகிறது. பூரணம் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலும் குறை சாமானில் இருக்காது. தராசில் நிறுக்காமல் டம்ளரிலும் கப்பிலும் அளந்திருப்பார்கள், அல்லது வெயிலில் வெண்ணெய் இளகிப் போயிருக்கும். இந்த இரண்டையும் கவனித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

23 சென்டிமீட்டர் டார்ட் தட்டு ஒன்றுக்கான அளவு:

உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம்
பொடித்த சர்க்கரை 100 கிராம்
தோல் நீக்கிய பாதாம் பொடி 100 கிராம்
முட்டை 2
மைதா 15 கிராம்
உப்பு ஒரு சிட்டிகை
பாதாம் எசன்ஸ் 2 அல்லது 3 சொட்டு

நாமக்கல் முட்டை ஒன்று ஓட்டோடு 50 முதல் 55 கிராம் இருக்கும். ஓடு போனால் 45 முதல் 48. ஆக இரண்டு முட்டை கிட்டத்தட்ட 95 கிராம். நூறுக்கு ஐந்து குறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பெரிய முட்டையாக வாய்த்து 110 கிராமுக்கு மேல் போனால் மட்டும் கலக்கி, 100 கிராம் எடை போட்டு எடுத்து, மிச்சத்தை மாவின் மேல் தடவ வைத்துக்கொள்ளுங்கள்.

பாதாம் பொடி

கடையில் விற்கும் பாதாம் பொடியை வாங்குவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். பாக்கெட் பழையதாக இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை வரும். அந்த வாடை வெந்த பிறகு இன்னும் தூக்கலாகத் தெரியுமே தவிர, குறையாது. வீட்டில் அரைப்பதே நல்லது. பாதாம் பால் கலக்க விற்கும் மஞ்சள் பொடி வேறு பொருள். அதில் சர்க்கரையும் நிறமும் இருக்கும், இதற்கு உதவாது.

சாதாரணக் கலிபோர்னியா பாதாம் போதும். மாம்ரா பாதாமில் எண்ணெய் அதிகம், மிக்ஸியில் சீக்கிரம் கட்டிப்படும். தோல் போக 100 கிராம் நிற்க வேண்டுமென்றால் 110 கிராம் எடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பாதாமைப் போட்டு, 1 நிமிடம் விட்டு, வடித்து, உடனே பச்சைத் தண்ணீரில் கொட்டுங்கள். இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே வரும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டும் உரிக்கலாம், ஆனால் பருப்பு நிறையத் தண்ணீர் குடித்துவிடும், பிறகு உலர்த்துவது பெரும்பாடு.

உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். துணியில் துடைத்தால் மட்டும் போதாது. ஓவனை 90 டிகிரியில் வைத்து, பருப்பைத் தட்டில் பரப்பி 25 முதல் 30 நிமிடம் விடுங்கள், இடையில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். நிறம் மாறக்கூடாது. ஓவன் வேண்டாமென்றால் மின்விசிறிக்கு அடியில் ஒரு பகல் முழுக்கக் காயட்டும். ஒரு பருப்பை உடைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரப் பருப்பை அரைத்தால் பொடி வராது, களிதான் வரும்.

காய்ந்த பருப்பை ஆறவைத்து, ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்து எடுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில், அளவுச் சர்க்கரையிலிருந்து இரண்டு ஸ்பூன் சேர்த்து, விட்டு விட்டு அரைக்கவும். 4, 5 விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். விடாமல் ஓட்டினால் பிளேடு சூடேறிப் பருப்பிலிருந்து எண்ணெய் பிரியும். அடியில் பொடி ஒட்டிப் பளபளக்க ஆரம்பித்தால் அதுதான் எல்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரவைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையை மறுபடி அரைக்கலாம். கொஞ்சம் குருணை பூரணத்திலேயே இருந்தாலும் தப்பில்லை, கடிக்க நன்றாக இருக்கும். கோயமுத்தூரில் கிரைண்டருக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் கிரைண்டர் தண்ணீர் விட்டு அரைப்பதற்கானது, இந்த வேலைக்கு ஆகாது.

அரைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பாதாமில் எப்போதாவது ஒரு பருப்பு கடுங்கசப்பாக இருக்கும். வாயில் பட்டால் துப்பிவிடுங்கள். கசப்புப் பாதாமில் உள்ள அமிக்டலின் உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு உண்டாகும். “இயற்கை மணம்” வேண்டுமென்று பீச், ஆப்ரிகாட் கொட்டைகளை உடைத்து உள்பருப்பைச் சேர்ப்பதும் இதே காரணத்தால் கூடாது.

வெண்ணெய்

கடையில் விற்கும் வெண்ணெயில் 80 விழுக்காடு கொழுப்பு, தண்ணீர் 16 விழுக்காட்டுக்கு மேல் போகாது. ஊத்துக்குளி வெண்ணெயோ, வீட்டில் கடைந்ததோ ருசியில் ஒரு படி மேல். ஆனால் உள்ளே மோர் தங்கியிருக்கும். அப்படியே போட்டால் 100 கிராம் வெண்ணெய் என்று நினைத்து 75 கிராம் வெண்ணெயும் 25 கிராம் மோரும் போட்டதாக ஆகிவிடும். முட்டை ஊற்றும்போது திரிந்துபோகும், வேகும்போது தட்டில் நீர் கசியும்.

ஆகவே கடைந்த வெண்ணெயை ஐஸ் தண்ணீரில் போட்டுக் கையால் பிசையுங்கள். தண்ணீர் வெள்ளையாகும், கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். மூன்று, நான்கு தண்ணீரில் தெளிந்துவிடும். பிறகு மரப்பலகையில் வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் முத்து முத்தாக நீர் வெளியே வரும், அதைத் துணியால் ஒற்றி எடுங்கள். எடை போட வேண்டியது இதற்குப் பிறகுதான். புளித்த வாடை ஏறிய வெண்ணெய் நெய் உருக்க நன்றாக இருக்கும், இந்தப் பூரணத்துக்கு வேண்டாம். பாதாமின் மணம் மென்மையானது, புளிப்பு அதை அமுக்கிவிடும்.

நெய்யில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். நெய்யில் தண்ணீரே கிடையாது. சர்க்கரையோடு அடித்தால் க்ரீமாகத் திரளாமல் மணல் போல நிற்கும். வெந்த பிறகு தட்டில் எண்ணெய் தேங்கும், நெய் வாசம்தான் முன்னால் வரும். உப்புச் சேர்த்த மஞ்சள் வெண்ணெய் மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால், தனி உப்பை விட்டுவிட்டு அதையே போடுங்கள். லேசாக உப்புத் தெரியும், பாதகமில்லை.

சேர்க்கும் முறை

வெண்ணெய் 20 முதல் 22 டிகிரியில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், விரலில் எண்ணெய்ப் பசை மினுங்கக்கூடாது. கோயமுத்தூரில் மார்கழி, தை மாதங்களில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் வெளியே வைத்தால் இந்தப் பதம் வரும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் 10 நிமிடமே அதிகம். அந்த நாட்களில் அகலமான பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, அடிக்கிற பாத்திரத்தை அதற்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வெண்ணெய் ஒருமுறை உருகிவிட்டால் ஃப்ரிட்ஜில் இறுக்கினாலும் பழைய பதம் திரும்பாது.

வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் கட்டியில்லாமல் குழையுங்கள். பீட்டர் என்றால் குறைந்த வேகத்தில் 1 நிமிடம். கேக்குக்கு அடிப்பது போல வெளுத்துப் பொங்கும் வரை அடிக்கவே கூடாது. இங்கே காற்று வேண்டாம். காற்று ஏறிய பூரணம் ஓவனில் உப்பி, தட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்து, ஆறும்போது நடுவில் குழிந்துவிடும். கேக் செய்து பழகிய கைக்கு இந்த இடத்தில் அடக்கம் வேண்டும்.

முட்டையை முன்கூட்டியே வெளியே எடுத்துவைத்து, கலக்கி, நான்கு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முட்டை ஒரு பங்கு, பாதாம் பொடி ஒரு பங்கு என்று மாற்றி மாற்றிச் சேர்க்கவும். முன்னது முழுக்கக் கலந்த பிறகே அடுத்தது. கடைசியில் மைதா, உப்பு, எசன்ஸ். மைதா உருகும் வெண்ணெயைப் பிடித்துவைப்பதற்காக மட்டும்தான், 15 கிராமுக்கு மேல் போனால் பூரணம் கேக்காகிவிடும்.

கலவை தயிர் திரிந்தது போல் சிறு சிறு திட்டாகப் பிரிந்தால் முட்டை ஜில்லென்று இருந்திருக்கும், அல்லது ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள். மீதமுள்ள பாதாம் பொடியில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். சேராவிட்டால் பாத்திரத்தின் அடியை வெதுவெதுப்பான தண்ணீரில் 10 விநாடி காட்டிக் கலக்குங்கள். அதற்கும் மசியாவிட்டாலும் தூக்கிப் போட வேண்டாம். வெந்தபின் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

மூடி ஃப்ரிட்ஜில் 1 மணி நேரம் வையுங்கள். பாதாம் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பூரணம் இறுகும், பரப்பவும் எளிது. ஃப்ரிட்ஜில் 3 நாள், ஃப்ரீசரில் 1 மாதம் தாங்கும்.

பிரான்சில் ஒரு கணக்கு உண்டு. இதுவரை செய்தது அவர்களுக்குப் பாதாம் க்ரீம். அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கஸ்டர்ட் சேர்த்தால்தான் அது ஃபிராஞ்சிபேன். இங்கிலாந்திலும் நம் பேக்கரிப் பள்ளிகளிலும் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வது வழக்கம். கஸ்டர்ட் சேர்த்தால் பூரணம் இன்னும் இளக்கமாகவும் தித்திப்புக் குறைவாகவும் இருக்கும், பப்ஸ் மாவுக்கு அதுதான் பொருத்தம். பால் 160 மில்லி, சர்க்கரை 30 கிராம், மஞ்சள் கரு 2, கார்ன்ஃப்ளார் 12 கிராம். கலக்கிக் காய்ச்சி, குமிழி விட்டுக் கொதித்த பிறகும் 1 நிமிடம் கிண்டவேண்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. கொதிக்கவிடாமல் கெட்டியானதும் இறக்கினால், ஆறிய பின் கஸ்டர்ட் நீர்த்துவிடும். நன்றாக ஆறியதும் கட்டியில்லாமல் அடித்துப் பாதாம் க்ரீமோடு சேருங்கள். கடையில் கேட்கும்போது கார்ன்ஃப்ளார் என்றே கேளுங்கள். சோள மாவு என்றால் நம் ஊரில் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

பெயரும் எசன்ஸும்

ஃபிராஞ்சிபானி என்பது ரோம் நகரத்தின் பழைய பிரபுக் குடும்பம். 12ஆம் நூற்றாண்டில் அங்கே பெரும் செல்வாக்கோடு இருந்தவர்கள், கொலோசியத்தையே கோட்டையாக ஆக்கி வைத்திருந்தவர்கள். லத்தீனில் ‘ஃப்ராங்கெரே’ என்றால் உடைத்தல், ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த குடும்பம் என்பதால் வந்த பெயர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

பூரணத்துக்கு அந்தப் பெயர் வாசனை வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்துப் பிரபு ஒருவர் தோல் கையுறைகளுக்கு மணமூட்ட ஒரு வாசனைக் கலவை செய்தார், அது கசப்புப் பாதாமின் மணத்தைக் கொண்டிருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பாதாம் மணக்கும் பூரணம் அந்தப் பெயரைப் பெற்றது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, நம் கோயில் வாசல்களில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூ உதிர்க்கும் ஈழத்தலரி மரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அந்தப் பூவை டார்ட்டின் மேல் அலங்காரமாக வைத்துவிட வேண்டாம். அதன் பால் வாயையும் தோலையும் அரிக்கும், வயிற்றுக்கும் ஆகாது.

இந்த வரலாறு சமையலறைக்கும் பயன்படும். நாம் சாப்பிடும் இனிப்புப் பாதாமை எவ்வளவு அரைத்தாலும் அந்த ‘பாதாம் வாசனை’ வராது. அது கசப்புப் பாதாமில் பிறக்கும் பென்சால்டிஹைடு என்ற பொருளின் மணம். எசன்ஸ் பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். ஆகவே எசன்ஸ் சேர்ப்பது ஏமாற்று வேலை அல்ல, பெயருக்கு உரிய மணத்தையே சேர்க்கிறோம். ஆனால் 400 கிராம் பூரணத்துக்கு 2 சொட்டில் ஆரம்பியுங்கள், மூன்றைத் தாண்டாதீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், ஸ்பூன் கணக்கில் ஊற்றினால் பசை டப்பாவைத் திறந்தது போல் அடிக்கும். ஊற்றிய உடனே முகர்ந்து பார்த்து, போதவில்லை என்று கூட்டவும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் 1 மணி நேரம் இருந்த பிறகு முகர்ந்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

வேகவைப்பது

டார்ட் மாவுக்கு மைதா 200 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 50, முட்டை 1, ஒரு சிட்டிகை உப்பு. பிசறிச் சேர்த்து, அரை மணி நேரம் குளிரவைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்துத் தட்டில் படியவைக்கவும். முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, கொண்டைக்கடலையைக் கொட்டி 180 டிகிரியில் 15 நிமிடம் அரைவேக்காடாக வைத்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் அடிமாவு வேகாமல் பச்சையாக நிற்கும்.

ஆறிய மாவில் பூரணத்தை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தட்டின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 170 டிகிரி, நடுத்தட்டு, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய 35 முதல் 40 நிமிடம். ஓடிஜி என்கிற வீட்டு மின் ஓவனில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். 300, 400 ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிடுவது வீண் செலவல்ல. விளிம்பு நன்றாகச் சிவந்து, நடுவை விரலால் தொட்டால் மேலெழும்பி வரவேண்டும். மேலே சிவந்து நடு தளும்பினால் ஃபாயில் மூடி இன்னும் 10 நிமிடம் விடுங்கள்.

பழம் பதிப்பதாக இருந்தால் நீர் குறைந்த பழமே நல்லது. நேந்திரம் பழம் இதற்கென்றே விளைந்தது போல் பொருந்தும்: ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி அப்படியே அழுத்தி வைக்கலாம். நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும் பிளம்ஸைக் கொட்டை நீக்கி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க வையுங்கள். பேரிக்காய் கடினமானது, அரை லிட்டர் தண்ணீரும் 150 கிராம் சர்க்கரையும் சேர்த்த பாகில் 20 நிமிடம் வேகவைத்து, அரை மணி நேரம் வடியவிட்டுப் பிறகு பதிக்கவும். சேலத்து மாம்பழம் ருசிக்குக் குறைவில்லை, ஆனால் சாறு அதிகம். துண்டுகளை வாணலியில் சர்க்கரையோடு நீர் சுண்டும் வரை புரட்டிவிட்டால் வைக்கலாம். அன்னாசியைப் பச்சையாக வைத்தால் சுற்றிலும் பூரணம் வேகாமல் சொதசொதவென்று நிற்கும்.

பப்ஸ் மாவில் செய்வதாக இருந்தால், தெரிந்த பேக்கரியில் கேட்டால் வேகாத ஷீட்டைத் தருவார்கள். 22 சென்டிமீட்டரில் இரண்டு வட்டம் வெட்டி, ஒன்றின் நடுவில் 250 கிராம் பூரணம் வைத்து, ஓரத்தில் 2 சென்டிமீட்டர் விட்டுத் தண்ணீர் தொட்டு மற்றதை ஒட்டவேண்டும். மேலே முட்டை தடவும்போது வெட்டிய ஓரத்தில் வழியவிடாதீர்கள், அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. நடுவில் சிறு துளை போட்டு, அரை மணி நேரம் குளிரவைத்து, 200 டிகிரியில் 15 நிமிடம், 180இல் 25 நிமிடம். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6ஐ ஒட்டி பிரான்சில் இதைத்தான் வெட்டுகிறார்கள். உள்ளே ஒரு சின்னப் பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும், யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம்.

மாற்றிச் செய்ய

பொள்ளாச்சிக் கொப்பரையை மெல்லிய பொடியாக்கிப் பாதாமில் 30 கிராமுக்குப் பதிலாகச் சேர்க்கலாம், நேந்திரத்தோடு அருமையாக இருக்கும். அதற்கு மேல் போனால் அது தேங்காய்ப் பூரணம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை என்றால் 100 கிராமில் 40 வரை மாற்றலாம், சலித்துப் போடுங்கள். அது சீக்கிரம் கருகும், ஓவனை 160க்கு இறக்கி 5 நிமிடம் கூட்டுங்கள். நிலக்கடலையில் செய்தால் கடலை வாசம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அது நல்ல பண்டமாக இருக்கலாம், ஃபிராஞ்சிபேன் ஆகாது.

புரட்டாசியில் முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: பாதாம் பொடியை 120 கிராமாக்கி, முட்டைக்குப் பதில் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் 60 கிராம், பால் 30 மில்லி, மைதா 20 கிராம், கார்ன்ஃப்ளார் 10 கிராம். இது முட்டைப் பூரணம் போல எழும்பாது, கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் மெல்லியதாகப் பரப்பினால் நடுவில் மாவு வாடை நிற்காது.

வெந்த டார்ட் நம் வெயிலில் வெளியே ஒரு நாள், ஃப்ரிட்ஜில் 3 நாள். பரிமாறும் முன் 150 டிகிரியில் 5 நிமிடம் காட்டினால் விளிம்பு மறுபடி மொறுமொறுக்கும். பூரணம் மிஞ்சினால் முந்தின நாள் பன்னைக் குறுக்கே அரிந்து, சர்க்கரைப் பாகு லேசாகத் தடவி, மேலே ஒரு ஸ்பூன் பூரணம் பரப்பி, சீவிய பாதாம் தூவி 180 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். பாகு தடவாமல் வைத்தால் பன் விறைத்துவிடும்.